பேரனைப் படித்தபின் தாத்தாவைச் சந்தித்த கதை

அங் மோ கியோ அம்மா:
‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனை இருபது வயதில் படித்துவிட்டேன். அவருக்கு முன்னோடியான ஜார்ஜ் மெக்டொனால்டிடம் வந்து சேர நாற்பதாகிவிட்டது. ஜூன் விடுமுறையில் மகளுக்காக சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் எடுத்தேன். ஓர் இளவரசியும் கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்களும் வரும் கதை, 1872-இல் நூலாக வந்தது. மலைக்கு அடியில் வாழும் அந்தக் கோப்ளின்களுக்கு மண்டை பாறை மாதிரி, பாதம் மட்டும் மெத்தென்று இருக்கும். கால்விரலே கிடையாது. சுரங்கத்தில் வேலை பார்க்கும் கர்டி என்ற பையன் காலை ஓங்கி மிதித்தே அவர்களை விரட்டுகிறான். எதுகை போட்டுப் பாட்டெடுத்துவிட்டாலும் அவர்களுக்குத் தாங்காது. பேய்க்குக் கால் இல்லை, கவசம் சொன்னால் அண்டாது என்று கேட்டு வளர்ந்த எனக்கு, இதை ஒரு ஸ்காட்லாந்துக்காரர் எழுதினார் என்றே தோன்றவில்லை.

தன் கோப்ளின்களில் மெக்டொனால்டின் சாயல் உண்டு என்று டோல்கீன் 1954-இல் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். அந்த மெத்துப் பாதத்தை மட்டும் அவரால் நம்பவே முடியவில்லையாம். என் மகள் நன்றாகவே நம்புகிறாள். வீட்டில் இப்போது மிதிபடுவது என் கால்தான்.

ஜூ கூன் ஷிப்ட்:
அக்கா, எனக்கு மெக்டொனால்ட், அவர் 1858-இல் எழுதிய ஃபேன்டஸ்டிஸ் என்ற நாவல் வழியாக அறிமுகம். நார்னியா கதைகள் எழுதிய சி. எஸ். லூயிஸ் பதினேழு வயதில், 1916-இல், லெதர்ஹெட் ரயில் நிலையப் புத்தகக் கடையில் வாங்கிச் சொக்கிப்போன புத்தகம். நான் இலவசப் பிரதியைப் போனில் இறக்கி, இரவு ஷிப்ட் முடிந்து எம்ஆர்டி ரயிலில் படித்தேன். நானும் சொக்கினேன், தூக்கத்தில். நடுநடுவே வரும் பாட்டுகள் அப்படி. லேக்சைடில் இறங்க வேண்டியவன் கிளமெண்டியில் விழித்தேன். ஆனால் தொடக்கம் இன்னும் கண்ணில் நிற்கிறது: படுக்கையறையில் முகம் கழுவும் தொட்டி நிரம்பி வழிந்து ஓடையாகிறது, தரைவிரிப்பில் போட்ட பூக்கள் காற்றில் ஆடுகின்றன. பிற்பாடு துணி அலமாரிக்குள் பனிக்காட்டை வைத்த லூயிஸுக்கு இந்த அறை மறந்திருக்காது என்பது என் ஊகம்.

பிடோக் பெரிசு:
டோல்கீனுக்கு இன்னொரு முன்னோடியான வில்லியம் மோரிஸை விட்டுவிட்டீர்களே தம்பி! 1896-இல் வந்த அவர் நாவலில் காண்டோல்ஃப் என்று ஒரு கொடுங்கோலன், சில்வர்ஃபேக்ஸ் என்று ஒரு வெள்ளைக் குதிரை. வேண்டுமென்றே பழசாக்கிய ஆங்கிலம். அகராதியோடு மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். தன் மந்திரவாதிக்குக் காண்டால்ஃப் என்ற பெயரை டோல்கீன் பழைய நார்ஸ் (வட ஐரோப்பிய) பாட்டில் வரும் குள்ளர் பட்டியலிலிருந்து எடுத்தார், அது எனக்கும் தெரியும். சரி, அந்த மந்திரவாதி ஏறும் ஷேடோஃபேக்ஸ் என்ற குதிரை?