டிஸ்அசெம்ப்ளருக்கு நிறம் சேர்க்கும் பேட்ச்: ரிவ்யூவில் எதைப் பார்க்க வேண்டும்?

நுண்செயலி:
வணக்கம். பின்யூட்டில்ஸ் லிப்ஆப்கோட்ஸில் (இயந்திரக் கட்டளைகளை அசெம்ப்ளி எழுத்தாக்கும், அதாவது டிஸ்அசெம்பிள் செய்யும் நூலகம்) இன்னும் நிறம் இல்லாமல் அச்சிடும் ஒரு ஆர்க்கிடெக்சரை (செயலி வகையை) ஸ்டைல் வெளிப்பாட்டுக்கு (ஒவ்வொரு துண்டும் ரெஜிஸ்டரா, எண்ணா, அட்ரஸா என்று குறித்து அச்சிடுவது) மாற்றும் பேட்ச் ரிவ்யூவுக்கு வந்திருக்கிறது. ஒரே கோப்பு, ஏறக்குறைய 400 வரி. பழைய பிரிண்ட் ஃபங்க்ஷன் அழைப்புகள் எல்லாம் ஸ்டைல் பிரிண்ட் அழைப்புகளாகியிருக்கின்றன. காஸ் (அசெம்ப்ளர்), பின்யூட்டில்ஸ், எல்டி (லிங்கர்) டெஸ்ட்கள் மூன்றிலும் புதிய தோல்வி இல்லை. ஆப்ஜ்டம்ப்பில் (டிஸ்அசெம்பிள் செய்து காட்டும் கருவி) நிறமும் வருகிறது.

மூன்று சந்தேகங்கள்:
1. டெஸ்ட் பாஸ் ஆனதே போதுமா?
2. "8(எஸ்பி)" போன்ற ஆபரண்டில் (கட்டளை எதன் மீது இயங்குகிறதோ அது) 8-ஐ இம்மீடியட் (கட்டளைக்குள்ளேயே எழுதப்பட்ட எண்) என்று குறித்திருக்கிறார்கள். சரியா?
3. ரெஜிஸ்டருக்குப் பின்னால் வரும் ஷிஃப்ட் பெயர் எந்த ஸ்டைல்?

வரிக்குவரி:
முதல் கேள்விக்கு: போதாது. காஸ் டெஸ்ட்கள் நிறமில்லாத எழுத்தைத்தான் எதிர்பார்ப்போடு ஒப்பிடுகின்றன. எல்லா ஆபரண்டையும் ரெஜிஸ்டர் என்று குறித்துவிட்டாலும் அவை பாஸ் ஆகும். எழுத்து கெடவில்லை என்பதற்கு மட்டுமே அவை சாட்சி, அதுவும் டெஸ்ட் எழுதப்பட்ட கட்டளைகளுக்கு மட்டும்.

நான் வைக்கும் முதல் நிபந்தனை, ஸ்டைல் பேட்ச்சால் நிறமில்லாத வெளிப்பாட்டில் ஒரு பைட்கூட மாறக்கூடாது என்பது. சோதிக்கும் முறை:

பேட்ச்சுக்கு முன், பின் என இரண்டு பில்டு, ஒரே கான்ஃபிகர் விருப்பங்களோடு. டெஸ்ட் தொகுப்பில் உள்ள அந்த ஆர்க்கிடெக்சரின் அசெம்ப்ளி கோப்புகளை எல்லாம் ஆப்ஜெக்ட் ஆக்கி இரண்டு ஆப்ஜ்டம்ப்பிலும் ஓட்டி டிஃப் எடுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். யூரேண்டமிலிருந்து (லினக்ஸ் தரும் ரேண்டம் பைட்டுகள்) 1 எம்பி எடுத்து, பைனரி வடிவம் என்றும் இன்ன ஆர்க்கிடெக்சர் என்றும் சொல்லி அதையும் டிஸ்அசெம்பிள் செய்யுங்கள். டீகோட் ஆகாத பைட்டுகளுக்கு டைரக்டிவ் (அசெம்ப்ளருக்கான குறிப்பு) அச்சிடும் பாதை, ரிசர்வ்டு என்கோடிங், விளிம்பு மதிப்புகள் எல்லாம் இதில்தான் ஓடும். டெஸ்ட்களில் அவை அரிது. ஆப்ஜ்டம்ப்புக்குப் பெரிய 'டி' விருப்பம் தேவை. பைனரி கோப்பு டேட்டா செக்‌ஷனாக வருவதால் சிறிய 'டி' எதையும் காட்டாது.

அடுத்தது, பேட்ச் போட்ட பில்டில் ஒரே கோப்பை நிறத்தோடும் நிறமில்லாமலும் எடுங்கள். நிறமுள்ளதில் எஸ்கேப் தொடர்களை (நிறத்தை மாற்றச் சொல்லும் குறியீடுகள்) செட் என்னும் எழுத்துத் திருத்தக் கருவி கொண்டு நீக்குங்கள்: எஸ்கேப் எழுத்து, இடது சதுர அடைப்பு, எண்களும் அரைப்புள்ளிகளும், கடைசியில் சிறிய 'எம்'. மிஞ்சுவது நிறமில்லாத கோப்போடு முழுக்க ஒத்துப்போக வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டிஸ்அசெம்ப்ளர்-கலர் விருப்பத்தில் "டெர்மினல்" என்று கொடுத்தால் பைப்பில் நிறம் போகாது. இரண்டு கோப்பும் ஒன்றாகவே இருக்கும், சோதனை ஜெயித்தது போலத் தோன்றும். "கலர்" அல்லது "எக்ஸ்டெண்டட்-கலர்" என்றே கொடுங்கள். டிஃப்புக்கு முன்னால் எஸ்கேப் எழுத்து எத்தனை வரியில் இருக்கிறது என்று கிரெப் தேடல் கருவியால் எண்ணிவிடுங்கள். பூஜ்யம் என்றால் சோதனையே நடக்கவில்லை.

கீழ்நிலை:
2, 3-க்கு என் பதில். ஸ்டைலைத் தீர்மானிப்பது ஆபரண்டின் பொருள். பார்க்க எண் போல இருக்கிறது என்பதால் அது இம்மீடியட் ஆகிவிடாது.

"8(எஸ்பி)"யில் 8, அட்ரஸ் ஆஃப்செட், அதாவது எஸ்பி காட்டும் முகவரியிலிருந்து உள்ள தூரம். ரிஸ்க்-ஃபைவில் லோட், ஸ்டோர் ஆஃப்செட்டுகள் அப்படித்தான் குறிக்கப்படுகின்றன. அடைப்புக்குறி இரண்டும் வெறும் டெக்ஸ்ட், எஸ்பி ரெஜிஸ்டர். ஆகவே இதைத் திருத்தச் சொல்லுங்கள். ஷிஃப்ட் பெயர், உதாரணமாக ஆர்மில் ரெஜிஸ்டருக்குப் பின் வரும் "எல்எஸ்எல்", சப்-நிமோனிக் (கட்டளையின் பெயர் நிமோனிக், இது அதன் துணைப் பெயர்). அதன் பின்னால் வரும் அளவு இம்மீடியட்.

முன்னொட்டுக் குறி அந்த ஆபரண்டோடு சேர்ந்தது. எக்ஸ்86 ஏடி அண்ட் டி வடிவில் டாலர் குறி இம்மீடியட்டோடும், சதவீதக் குறி ரெஜிஸ்டரோடும் ஒரே ஸ்டைலில் வரும். கமா எப்போதும் டெக்ஸ்ட்.

பிராஞ்ச் (தாவல்) இலக்கை பேக்கெண்ட் (அந்த ஆர்க்கிடெக்சருக்கான குறியீடு) தானே அச்சிடக்கூடாது. பிரிண்ட்-அட்ரஸ் கால்பேக்கிடம் (அழைக்கும் கருவி தரும் ஃபங்க்ஷன்) கொடுத்துவிட வேண்டும், அட்ரஸ் எது சிம்பல் எது என்று பிரித்து நிறம் போடுவது அதன் வேலை.

கமெண்ட்டைத் தனியாகக் கவனியுங்கள். கமெண்ட்-ஸ்டார்ட் ஸ்டைல், பெயர் சொல்வது போல, கமெண்ட்டைத் தொடங்கும் குறிக்குத்தான். அது வந்ததும் ஆப்ஜ்டம்ப் அந்தக் கட்டளையின் மிச்சம் முழுவதையும் கமெண்ட்டாகவே நடத்தும். அதற்குள் வரும் அட்ரஸ் தன் சொந்த ஸ்டைலிலேயே அனுப்பப்படலாம், தவறில்லை. ஆனால் தொடக்கக் குறியை டெக்ஸ்ட் என்று விட்டுவிட்டால் கமெண்ட்டுக்குள் உள்ள அட்ரஸ் நிஜ ஆபரண்ட் போல மின்னும்.

வரிக்குவரி:
கண்ணால் பார்த்து நிறத்தைச் சரிபார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாதாரண "கலர்" முறையில் இம்மீடியட், அட்ரஸ், அட்ரஸ் ஆஃப்செட் மூன்றுக்கும் ஒரே நிற எண், 35. உங்கள் இரண்டாவது கேள்வியில் உள்ள பிழை அந்த முறையில் தெரியவே தெரியாது. எக்ஸ்டெண்டடில் இம்மீடியட் 134, அட்ரஸ் 201 என்று பிரியும். ஆனால் அங்கேயும் அட்ரஸும் ஆஃப்செட்டும் ஒன்றுதான். நிமோனிக், சப்-நிமோனிக், டைரக்டிவ் மூன்றும் இரண்டு முறையிலும் ஒரே நிறம் (33, 202).

அதனால் ஆப்ஜ்டம்ப்பில் ஸ்டைலை நிற எண்ணாக மாற்றும் ஃபங்க்ஷனில், உங்கள் மரத்தில் மட்டும், ஒவ்வொரு ஸ்டைலுக்கும் வெவ்வேறு எண் கொடுத்துவிட்டுப் பாருங்கள். இதைவிட நல்லது, நிறத்துக்குப் பதிலாக ஸ்டைல் பெயரையே ஆபரண்டைச் சுற்றி அச்சிடும் சின்ன கால்பேக். எழுத்தாகக் கிடைப்பதால் டிஃப்பும் கிரெப்பும் வேலை செய்யும்: "ரெஜிஸ்டர் குறிக்குள் கமா இருக்கிறதா" என்று ஒரே கிரெப்பில் கேட்டுவிடலாம்.

தொகுப்பி:
அந்தக் கமா எப்படி உள்ளே வருகிறது என்பதைச் சொல்கிறேன், பேட்ச்சைப் படிக்கும்போது தேட வேண்டியது அதுதான். பழைய குறியீட்டில் ஒரே அழைப்பில் "ரெஜிஸ்டர், கமா, ரெஜிஸ்டர்" என்று ஃபார்மட் இருக்கும். ஃபங்க்ஷன் பெயரை மாற்றி நடுவில் ஒரு ஸ்டைல் செருகினால் மொத்தமும் ரெஜிஸ்டர் ஆகிவிடும். அதை மூன்று அழைப்பாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போதுதான் இடைவெளியோ டேப்போ தவறிப்போகும், அதனால்தான் மேலே சொன்ன பைட் ஒப்பீடு. நிமோனிக்கோடு ஒட்டிய டேப்பையும் தனி டெக்ஸ்ட் அழைப்பாக்கச் சொல்லுங்கள். அடிக்கோடோ பின்னணி நிறமோ போடும் கருவியில் அந்த டேப்பும் கோடாக நீளும்.

பேக்கெண்ட் முதலில் பஃபரில் எழுதி, கடைசியில் ஒரே அழைப்பில் அச்சிடும் வகையா? அப்படியானால் வேலை பெரிது. எக்ஸ்86 பேக்கெண்ட் இதற்கு பஃபருக்குள்ளேயே குறி வைக்கிறது: மதிப்பு 2 உள்ள எழுத்து, ஸ்டைல் எண் ஒரு ஹெக்ஸ் இலக்கமாக, மறுபடி மதிப்பு 2 உள்ள எழுத்து. ஒவ்வொரு துண்டுக்கும் 3 பைட் கூடுகிறது. நிலையான அளவுள்ள பஃபர் என்றால் மிக நீளமான ஆபரண்டுக்கு மறுபடி கணக்குப் போட வேண்டும். பஃபரில் ஸ்ட்ர்லென் (எழுத்துகளின் நீளம்) எடுத்து அகலம் நிரப்பும் இடங்களும், முதல் எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கும் இடங்களும் அமைதியாக உடையும்.

இன்னொன்று, "%எஸ்" இல்லாமல் பெயரையே ஃபார்மட்டாகக் கொடுக்கும் அழைப்பு இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ரெஜிஸ்டர் பெயரில் சதவீதக் குறி இருக்கும் ஆர்க்கிடெக்சரில் அது குப்பையைப் படிக்கும்.

நுண்செயலி:
மிக்க நன்றி. ரேண்டம் கோப்பில் டிஃப் காலி. ஆனால் ஜிடிபி டீபக்கரில் நிறம் வேறு மாதிரி இருக்கிறது: ஆஃப்செட்டும் இம்மீடியட்டும் மாற்றி மாற்றி வருகின்றன, ஆப்ஜ்டம்ப்போடு ஒத்துப்போகவில்லை. எல்லாம் மாறிவிட்டன என்று நினைத்தேன், ஆனால் கோப்பில் பழைய பிரிண்ட் அழைப்பும் இரண்டு இடத்தில் மிச்சம்.

கீழ்நிலை:
டிஸ்அசெம்பிள்-இன்ஃபோ ஸ்ட்ரக்சரில் "ஸ்டைல் வெளிப்பாடு உண்டாக்கினேன்" என்று சொல்லும் ஒரு கொடி இருக்கிறது. டிஸ்அசெம்பிள்.சி கோப்பில், அந்த ஆர்க்கிடெக்சரின் தொடக்க அமைப்பில் அதை ட்ரூ ஆக்க வேண்டும். பேட்ச் ஒரே கோப்பு என்றீர்கள், ஆகவே அது விடுபட்டிருக்க வேண்டும். கொடி இல்லாவிட்டால் ஜிடிபி லிப்ஆப்கோட்ஸ் நிறத்தை விட்டுவிட்டு, பைதானில் பிக்மெண்ட்ஸ் (நிறமிடும் நூலகம்) இருந்தால் அதைக் கொண்டு தானே நிறம் போடும். நீங்கள் பார்ப்பது அதுவாகத்தான் இருக்கும்.

மிச்சமுள்ள இரண்டு அழைப்புகளையும் மாற்றச் சொல்லுங்கள். ஆப்ஜ்டம்ப்பில் இரண்டு ஃபங்க்ஷனும் ஒரே இடத்தில் எழுதுவதால் பிழை தெரியவில்லை. ஸ்டைல் கால்பேக்கை மட்டும் கவனிக்கும் வேறொரு கருவியில் அந்தத் துண்டு காணாமல் போகலாம்.

தொகுப்பி:
பேட்ச் டிஸ்-ஏஎஸ்எம்.ஹெச் கோப்பை (லிப்ஆப்கோட்ஸைப் பயன்படுத்தும் கருவிகள் சேர்க்கும் ஹெடர்) தொட்டால், புதிய ஸ்டைல் ஒன்றைச் சேர்த்தால்கூட, அதைத் தனி பேட்ச்சாகக் கேளுங்கள். 2022-ல் பின்யூட்டில்ஸ் 2.39 வந்தபோது தொடக்க ஃபங்க்ஷனுக்கு ஒரு ஆர்க்யுமெண்ட் கூடியதில் லினக்ஸ் கெர்னல் மரத்தில் உள்ள பெர்ஃப், பிபிஎஃப்டூல் ஆகிய கருவிகள் இரண்டும் பில்டு ஆகவில்லை. கெர்னல் பக்கம் பழையதா புதியதா என்று கண்டறியும் ஒரு சோதனையையும் ஒட்டு ஹெடரையும் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆர்க்கிடெக்சர் பேட்ச்சுக்குள் அப்படி ஒரு வரி ஒளிந்திருந்தால் 400 வரியில் யார் கண்ணிலும் படாது.