மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார்: செட்டப், ஆம்ப், டி.ஐ. பாக்ஸ் குறித்து ஆலோசனை வேண்டும்

தாழ்சுதி (கேள்வி)

சென்னையில் அலுவலக நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். எங்களில் யாருக்கும் இது தொழில் இல்லை. குடியிருப்பு விழாக்கள், நண்பர்கள் வீட்டுத் திருமண வரவேற்பு, அலுவலக ஆண்டு விழா ஆகியவற்றில், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த திரைப்பாடல்களையே பெரும்பாலும் வாசிக்கிறோம். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டாருக்கென்றே ஒரு தனி மெட்டு ஓடும் என்பது இங்குள்ள அனைவருக்கும் தெரியும். அந்த வரிகள் கடைசி இருக்கையில் இருப்பவருக்கும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதே என் ஆசை.

என் கிட்டார் நான்கு தந்திகள் கொண்டது. 34 அங்குல ஸ்கேல், இரண்டு சிங்கிள் காயில் பிக்கப், பேட்டரி இல்லாத பாசிவ் வகை. விரல்களுக்கு இலகுவாக இருக்கட்டும் என்று 45–105 தந்திகளைக் கழற்றிவிட்டு 40–95 தந்திகளைப் போட்டேன் (மெல்லிய, தடித்த தந்திகளின் விட்டம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்). எங்கள் பாடகி பல பாடல்களை அரைக் கட்டை இறக்கிப் பாடுவதால் நான்கு தந்திகளையும் அரைச் சுரம் தளர்த்தியே வைத்திருக்கிறேன். இப்போது முதல் நான்கு ஃபிரெட்களில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) தந்தி கரகரக்கிறது. ஏழாவது ஃபிரெட்டுக்கு மேல் அந்தத் தொல்லை இல்லை. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தினால் சுரம் சற்று ஏறி ஒலிக்கிறது.

மேடையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. என்னிடம் வீட்டில் பயிற்சி செய்வதற்கான 25 வாட் ஆம்ப் மட்டுமே உள்ளது. நிகழ்ச்சிகளில் சவுண்ட் சர்வீஸ்காரர் என் கேபிளை நேரடியாக மிக்சரின் லைன் இன்புட்டில் செருகிவிடுகிறார். ஒலி மங்கலாக வருகிறது. அதோடு ஓர் இரைச்சலும் ஓயாமல் ஓடுகிறது. 300 வாட் ஹெட்டும் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) பெரிய கேபினெட்டும் (ஸ்பீக்கர் பெட்டி) வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். செலவழிக்க 40,000 ரூபாய் வரை வைத்திருக்கிறேன். எதில் தொடங்குவது?

ஏழாம்ஃபிரெட்

கரகரப்புக்கான காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. கிட்டாரின் கழுத்தான நெக்கை ஒருபுறம் தந்திகள் முன்னோக்கி இழுக்கின்றன. மறுபுறம் அதன் உள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பி பின்னோக்கி இழுக்கிறது. முன்பு இருந்த தந்திகளின் இழுவிசைக்கு ஏற்ப அந்த ராட் முறுக்கப்பட்டிருந்தது. நீங்கள் மெல்லிய தந்திகளைப் போட்டதில் இழுவிசை குறைந்தது. அரைச் சுரம் இறக்கியதில் அது மேலும் ஏறத்தாழ 11 விழுக்காடு குறைந்தது, ஏனெனில் இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிப்படி மாறும். எனவே டிரஸ் ராடின் கை ஓங்கி, நெக் நேராகிவிட்டது அல்லது பின்னோக்கி லேசாக வளைந்துவிட்டது. முதல் நான்கைந்து ஃபிரெட்களில் மட்டும் கரகரப்பது அதற்கான அடையாளம். பன்னிரண்டுக்கு மேல் மட்டும் கரகரத்தால் வேறு காரணம் தேட வேண்டும். தந்தியை அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் கரகரத்தால், நெக்கின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தைப் பார்க்க வேண்டும்.

முதலில் எந்தச் சுதியில் வாசிக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள், ஏனென்றால் அளவுகள் அனைத்தும் அதைப் பொறுத்தே அமையும். என் கருத்து, வழக்கமான சுதிக்கே திரும்பிவிடுங்கள் என்பதுதான். பாடகிக்காக அரைக் கட்டை இறக்க வேண்டுமென்றால் விரலை ஒரு ஃபிரெட் தள்ளி வைத்தால் போதும். நான்காம் தந்தியின் திறந்த ஈ சுரத்துக்குக் கீழே போகும் பாடல்கள் உங்கள் பட்டியலில் எத்தனை என்று பாருங்கள். ஓரிரு பாடல்கள் மட்டும் என்றால், அந்த இடங்களை ஒரு ஸ்தாயி மேலே வாசித்துவிடலாம். அப்படிப்பட்ட பாடல்கள் நிறைய இருந்தால், தளர்ந்த தந்திகளோடு போராடுவதைவிட ஐந்து தந்திக் கிட்டாருக்கு மாறுவதே முறை.

பிறகு 45–105 தந்திகளையே மீண்டும் போட்டு, சுதி சேர்த்து, ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். அதன் பின் நெக்கின் வளைவை அளக்க வேண்டும். முதல் ஃபிரெட்டில், தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ கிளிப்பை மாட்டி, நான்காம் தந்தியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்து, எட்டாவது ஃபிரெட்டின் தலைக்கும் தந்திக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இருப்பது நல்லது. இதற்கான ஃபீலர் கேஜ், வண்டி மெக்கானிக்குகள் டேப்பெட் சரிசெய்யப் பயன்படுத்துவதுதான். உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். இடைவெளியே இல்லையென்றால் டிரஸ் ராடை இடஞ்சுழியாகக் கால் சுற்று தளர்த்தி, மீண்டும் சுதி சேர்த்து, மறுபடி அளக்க வேண்டும். ஒரே நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. ராட் எளிதில் திரும்பவில்லையென்றால் பலம் காட்டாமல் அனுபவமுள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள். உடைந்த டிரஸ் ராடைச் சரிசெய்யும் செலவு கிட்டாரின் விலையையே எட்டிவிடக்கூடும்.

வளைவு சரியான பிறகே தந்தி உயரத்துக்கு வர வேண்டும். பதினேழாவது ஃபிரெட்டில் நான்காம் தந்திக்கு ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர், முதல் தந்திக்கு 2 மில்லிமீட்டர் என்பது பலருக்கும் ஒத்துவரும் அளவு. மேடையில் வேகம் பிடித்து அழுத்தி மீட்டுபவர் என்றால் சற்று உயர்த்தி வையுங்கள். வீட்டில் மெதுவாக வாசித்துப் பார்த்துத் தந்தியை மிகவும் தாழ்த்தினால் நிகழ்ச்சியில் ஒவ்வொரு சுரமும் ஃபிரெட்டில் அடிபடும்.

பன்னிரண்டாம் ஃபிரெட் சிக்கலைக் கடைசியாகப் பாருங்கள். அங்கே அழுத்தி எழுப்பும் சுரம், அதே இடத்தில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால், பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சேடிலைப் பின்னுக்குத் தள்ளித் தந்தியின் நீளத்தைக் கூட்ட வேண்டும். இறங்கியிருந்தால் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

சென்னையின் ஈரக் காற்றில் மரம் ஓயாமல் அசையும். ஐப்பசி மழைக்கு முன்பும், கோடை முற்றிய பிறகும் இந்த அளவுகளை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வியர்வையைத் துடைக்காமல் கிட்டாரைப் பைக்குள் வைத்தால் தந்திகளில் விரைவில் துரு ஏறிவிடும்.

ஒலிமேசை

செட்டப் பற்றி மேலே சொன்னவரோடு முழுமையாக உடன்படுகிறேன். மிக்சருக்குப் பின்னால் நின்று பழகியவன் என்ற முறையில் இரண்டாவது சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் ஒலி மங்குவதற்குக் காரணம் வாட் குறைவு அன்று. பாசிவ் பிக்கப்புக்கு ஏறத்தாழ ஒரு மெகா ஓம் உள்ளீட்டு மின்மறுப்பு தேவை. மிக்சரின் லைன் இன்புட்டில் பெரும்பாலும் சில பத்தாயிரம் ஓம்கள்தான் இருக்கும். அந்தச் சுமையில் மேல் அதிர்வெண்கள் அடிபட்டுப் போகின்றன; விரல் தந்தியைத் தொடும் கூர்மையும் அவற்றோடு போய்விடுகிறது. இதற்கு மருந்து ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸ். அது பிக்கப்பின் சிக்னலை மைக் கேபிளில் செல்லக்கூடிய சமநிலைச் சிக்னலாக மாற்றும். மிக்சரிலிருந்து வரும் 48 வோல்ட் பாண்டம் மின்சாரத்திலேயே இயங்குவதால் பேட்டரியைப் பற்றிய கவலையும் குறையும். நீண்ட கேபிளில் தொற்றும் இரைச்சலும் பெருமளவு நீங்கிவிடும்.

எஞ்சியிருக்கும் இரைச்சலைச் சற்று உற்றுக் கேளுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நான்காம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டிலுள்ள ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். மின்சார இரைச்சலின் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ், திறந்த முதல் தந்தியின் 98 ஹெர்ட்ஸோடு ஒட்டி நிற்கிறது. அதனால் ஈக்வலைசரில் இரைச்சலை வெட்டப் போனால் உங்கள் சுரங்களையும் சேர்த்தே வெட்டுவீர்கள். அதை மூலத்திலேயே தடுக்க வேண்டும். இரண்டு சிங்கிள் காயில் பிக்கப்கள் உள்ள கிட்டார்களில் பெரும்பாலும் ஒன்று மற்றொன்றுக்கு எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருக்கும். இரண்டின் வால்யூமையும் முழுதாக வைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

பெரிய ஆம்ப் குறித்து: வாட் அளவை இரட்டித்தால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். அரங்கத்துக்கு ஒலி கொடுப்பது பார்வையாளர்களை நோக்கி வைக்கும் பி.ஏ. ஸ்பீக்கர்களின் வேலை. மேடை ஆம்ப் உங்களுக்கும் டிரம்ஸ் அல்லது ஆக்டோபேட் (மின்னணுத் தாளப் பலகை) வாசிப்பவருக்கும் கேட்டால் போதும். மேடையில் ஆம்பை உரக்க வைப்பவரின் பேஸை வெளி ஸ்பீக்கரில் நான் குறைத்துத்தான் ஆக வேண்டும். அப்போது முன்வரிசைக்கு அதிர்வு மட்டும் போய்ச் சேரும், நீங்கள் ஆசைப்படும் மெட்டு போகாது. மெட்டு கேட்க வேண்டுமென்றால் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 200–250 ஹெர்ட்ஸ் பகுதியைச் சற்றுக் குறைத்து, 700 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரை லேசாக உயர்த்தச் சொல்லுங்கள். தனியாக வாசிக்கும்போது இது மெலிந்து ஒலிப்பதாகத் தோன்றும். குழுவோடு சேர்ந்து ஒலிக்கும்போதுதான் இதன் பயன் தெரியும்.

மண்டபமூலை

ஒலிமேசை சொல்வது நல்ல சப் ஊஃபர் உள்ள அரங்கத்துக்குப் பொருந்தும். குடியிருப்பு விழாக்களில் ஸ்டாண்டின் மேல் இரண்டு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்கள் மட்டுமே நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பாட்டும் கீபோர்டும் ஆக்டோபேடும் ஏற்கெனவே அவற்றில்தான் போகின்றன. 41 ஹெர்ட்ஸ் ஈ சுரத்தையும் அவற்றிலேயே திணித்தால் பாடகியின் குரல்தான் முதலில் உடையும். அத்தகைய இடங்களில் பேஸுக்கென்று சொந்தமாக ஓர் ஆம்ப் இருந்தே ஆக வேண்டும். எனவே டி.ஐ. பாக்ஸை முதலில் வாங்குங்கள் என்பதை ஏற்கிறேன்; அத்துடன் நின்றுவிடாதீர்கள் என்கிறேன். மீதிப் பணத்தில், டி.ஐ. அவுட்புட் உள்ள 100 வாட் அளவிலான, ஒரே ஆள் தூக்கக்கூடிய பேஸ் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) ஒன்றைப் பழையதாகவாவது தேடுங்கள். அதை ஒரு நாற்காலியின் மேல் வைத்துக் காதை நோக்கித் திருப்பினால், குறைந்த ஒலியிலேயே உங்கள் சுரம் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். பலகை மேடையும் உடன் சேர்ந்து அதிராது.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். தந்தியில் கை இருக்கும்போது மைக்கில் உதடு பட்டு ஷாக் அடித்தால், அதைச் சிறிய விஷயமாக நினைத்துத் தொடர்ந்து வாசிக்கக் கூடாது. உங்கள் ஆம்பும் மிக்சரும் வெவ்வேறு இடங்களிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது, இரண்டில் ஒன்றில் எர்த் இல்லையென்றால் இப்படி நடக்கும். தந்திகள் வழியாக உங்கள் உடல் ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். இரைச்சலைப் போக்குவதற்காக பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவதையும், இரண்டு பின் அடாப்டரைச் செருகுவதையும் யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அதற்கென்றே டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது. அது சிக்னல் கேபிளின் எர்த் இணைப்பை மட்டுமே துண்டிக்கும், உயிரைக் காக்கும் எர்த்தைத் தொடாது. மேடைக் கருவிகள் அனைத்தும் மிக்சருக்கு மின்சாரம் வரும் அதே போர்டிலிருந்து எடுக்கட்டும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றையும், மூன்று விளக்குள்ள சாக்கெட் டெஸ்டர் ஒன்றையும் குழுவின் பொதுப் பணத்தில் வாங்குங்கள். ஜெனரேட்டரில் ஓடும் நிகழ்ச்சி என்றால், எர்த் ராட் அடித்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு மேடையேறுங்கள்.

தாழ்சுதி

மூவருக்கும் மிக்க நன்றி. டி.ஐ. பாக்ஸ், சாக்கெட் டெஸ்டர், தந்திகள் ஆகியவற்றை இந்த வாரமே வாங்கிவிடுகிறேன். காம்போவைப் பழைய பொருளாகத் தேடுகிறேன். இன்னும் ஒரு கேள்வி உள்ளது. நான் சரியாக வாசித்தாலும் சில பாடல்களில் கீழ்ச் சுரங்கள் குழம்பிப் போகின்றன. பயிற்சியின்போது ஹெட்போனில் என் கிட்டாரை மட்டும் கேட்டால் சுத்தமாக இருக்கிறது. இதற்கு என்ன காரணமாக இருக்கும்? மேலும், ஒயர்லெஸ் வாங்குவது பயன்படுமா?

ஒலிமேசை

கீபோர்டைப் பாருங்கள். அரேஞ்சர் கீபோர்டில் ஸ்டைல் (தானாக ஒலிக்கும் பின்னணி) ஓடவிட்டு வாசிப்பவர் என்றால், அந்த ஸ்டைலுக்குள்ளேயே ஒரு பேஸ் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்; நீங்களும் அதுவும் ஒரே இடத்தில் மோதுகிறீர்கள். ஸ்டைலின் பேஸ் பகுதியை மட்டும் மியூட் செய்து அந்த அமைப்பைச் சேமித்துவைக்கச் சொல்லுங்கள். ஸ்டைல் இல்லாமல் வாசிப்பவர் என்றால் இடக்கையை நடு சி சுரத்துக்கு ஓர் ஸ்தாயி கீழே கொண்டுபோகாமல் வாசிக்கட்டும். ஆக்டோபேடின் கிக் ஒலியையும் நீண்டு அதிராத வகையாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

ஒயர்லெஸ் இப்போது வேண்டாம். விலை குறைந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள், மண்டபத்தில் எல்லோருடைய கைப்பேசிகளும் வைஃபையும் இயங்கும்போது திணறக்கூடும். ஆறு மீட்டர் நீளமுள்ள நல்ல கேபிள் இரண்டு வாங்கிவைத்து, ஒன்றைப் பையிலேயே வைத்திருங்கள். பிற்காலத்தில் ஹெட்டும் கேபினெட்டும் தனித்தனியாக வாங்கினால், அவற்றுக்கு இடையே கிட்டார் கேபிளைப் பயன்படுத்தாமல் ஸ்பீக்கர் கேபிளையே போடுங்கள். 8 ஓம் கேபினெட் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம் ஆகும் என்பதால், ஹெட் அதைத் தாங்குமா என்று அதன் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு இணையுங்கள்.