4 அடி ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி): விளக்கை இறக்கித் தொங்கவிடுவதா, உயர்த்தி ரிஃப்ளெக்டர் ஒட்டுவதா?

சிங்கை அலை:
தொட்டி 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். பாறையின் மேல்தட்டில் அக்ரோபோரா, மான்டிபோரா பவளங்கள்; கீழே மணலில் யூஃபிலியா பவளம். இரண்டு எல்இடி விளக்குகளைத் தண்ணீருக்கு 20 செ.மீ. மேலே தொங்கவிட்டிருக்கிறேன். விளக்குக்கு நேர் கீழே உள்ள மான்டிபோரா வெளுக்கிறது. இரண்டு ஓரங்களில் இருப்பவை ஒளி போதாமல் பழுப்பாகவே நிற்கின்றன. விளக்கை 40 செ.மீ.க்கு உயர்த்தி, பின்பக்கத்திலும் பக்கவாட்டிலும் தொட்டியின் வெளியே பளபளப்பான ரிஃப்ளெக்டர் தாள் ஒட்டலாம் என்று நினைக்கிறேன். சரிவருமா?

நீலஒளி:
உயர்த்தாதீர்கள். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி கால் பங்காகிவிடும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். காசு கொடுத்து வாங்கிய ஒளியைத் தரைக்கும் சோபாவுக்கும் ஏன் ஊற்ற வேண்டும்? டிம்மரைப் பாதிக்கு இறக்குங்கள், ஓரத்துப் பவளங்களை உள்ளே நகர்த்துங்கள், முடிந்தது.

டி5 பெரியப்பா:
தம்பி, அந்தக் கால் பங்குக் கணக்கு புள்ளி போன்ற ஒளிமூலத்துக்கு. ஒரு அடி நீளப் பலகையில் பரவிக் கிடக்கும் எல்இடிகளுக்கு 20 செ.மீ. தூரத்தில் அது அப்படியே பொருந்தாது. நடுவில் குறையும்தான், ஆனால் கால் பங்குக்கு இறங்காது. நடுவில் குறைந்ததில் ஒரு பகுதி ஓரத்துக்குப் போகிறது. அவருக்கு வேண்டியதே அதுதானே? டிம்மரை இறக்கினால் நடுவும் ஓரமும் ஒரே விகிதத்தில் குறையும். வெளுப்பது நின்றுவிடும்; ஓரத்தில் இருப்பவை இன்னும் பட்டினி கிடக்கும்.

நீலஒளி:
ஓரத்தில் எதற்கு எஸ்பிஎஸ் (அக்ரோபோரா, மான்டிபோரா மாதிரி நிறைய ஒளி கேட்கும் கல் பவளம்)? அங்கே குறைந்த ஒளி கேட்கும் பவளத்தை வைத்தால் பிரச்சினையே இல்லை. ஒளி எங்கே விழுகிறதோ அங்கே பவளத்தை வைப்பதுதான் முறை.

கொளத்தூர் மீன்பிரியன்:
தாள் ஒட்டும் விஷயத்துக்கு வருகிறேன், அதை யாரும் தொடவில்லை. அந்தச் செலவு வேண்டாம். தண்ணீருக்குள் நுழையும் ஒளி வளைந்து, எப்படி வந்தாலும் செங்குத்திலிருந்து சுமார் 49 பாகைக்குள் அடங்கிவிடும். விளக்கிலிருந்து 60 பாகைக்குள் சாய்ந்து விழும் ஒளி தொட்டியின் சுவரைத் தொட்டால், கண்ணாடிக்கு வெளியே காற்று இருக்கும்வரை முழு அக எதிரொளிப்பாகி உள்ளேயே திரும்பிவிடுகிறது. சுவரே ரிஃப்ளெக்டர். வெளியே ஒட்டும் தாளுக்கு மிஞ்சுவது மணலிலும் பாறையிலும் பட்டுச் சிதறி வரும் கொஞ்ச ஒளி மட்டும். பின்கண்ணாடியில் ஊதாப் பாசி படர்ந்திருந்தால் அதுவும் வராது, பாசியே தின்றுவிடும்.

நீலஒளி:
பவளமே வளர்க்காதவர் ஒளிக்கு வகுப்பெடுக்கிறார்.

கொளத்தூர் மீன்பிரியன்:
உண்மைதான், என் தொட்டியில் மீனும் பாசியும் மட்டும். இங்கே இந்தியாவில் கல் பவளங்கள் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அதனால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. அதற்காக ஒளி என் தொட்டியில் வேறு மாதிரி வளைவதில்லை, ஐயா.

டி5 பெரியப்பா:
அவர் சொல்வது சரி. ரிஃப்ளெக்டர் தண்ணீருக்கு மேலேதான் வேலை செய்யும், அதுவும் விளக்கின் வகையைப் பொறுத்து. டி5 குழல், அதாவது மெல்லிய டியூப் லைட், நாலா பக்கமும் ஒளி விடுவது. பாதி ஒளி மேலே போகிறது. ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியாக வளைந்த ரிஃப்ளெக்டர் இருந்தால் அது கீழே வரும். எல்லாக் குழலுக்கும் சேர்த்து ஒரே தட்டையான தகடு போட்டால், திரும்பும் ஒளியில் கணிசமான பங்கு குழலின் மேலேயே பட்டு வீணாகும். மலிவுப் பெட்டிகளில் செய்யும் கஞ்சத்தனம் இது. எல்இடி பிறவியிலேயே கீழ்நோக்கி விடுவது, லென்ஸும் உண்டு. அதற்கு மேலே தகடு வைத்துப் பயனில்லை. உயர்த்தினால் தொட்டிக்கு வெளியே சிந்துவதைத் தடுக்க, விளக்குக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவே வெள்ளையடித்த பலகையோ அலுமினியத் தகடோ பாவாடை மாதிரி தொங்கலாம். ஆனால் உப்பு படியும், வாராவாரம் துடைக்கத் தயார் என்றால் மட்டும்.

நீலஒளி:
அதைத்தான் சொல்கிறேன்! துடைக்கும் வேலையை ஏன் இழுத்துவிட வேண்டும்?

டி5 பெரியப்பா:
20 செ.மீ.யில் தொங்கும் உங்கள் எல்இடி மீது மட்டும் உப்பு தெறிக்காதா? இறக்கி வைத்தால்தான் லென்ஸ் சீக்கிரம் மங்கும்.

சிங்கை அலை:
நண்பரிடம் பார் மீட்டர் (பவளத்துக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவி) வாங்கி அளந்தேன். மேல்தட்டு உயரத்தில் நடுவில் 480, இரண்டு ஓரங்களில் 110, 120. 35 செ.மீ.க்கு உயர்த்தி, டிம்மரைத் தொடாமல் மறுபடி அளந்தால் நடுவில் 310, ஓரத்தில் 150 அளவு. அலை மோட்டாரை நிறுத்தாமல் எடுத்த அளவு, எண் ஆடிக்கொண்டே இருந்தது, சராசரி போட்டிருக்கிறேன்.

டி5 பெரியப்பா:
310 மான்டிபோராவுக்குத் தாராளம். பழைய வகை சென்சார் என்றால் நீல ஒளியைக் குறைத்துக் காட்டும், உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கலாம். முன்னும் பின்னும் இரண்டு 54 வாட் டி5 குழல் சேர்த்தால் ஓரமும் சரியாகும், நிழலும் குறையும். கிளை விட்டு வளர்ந்த அக்ரோபோராவுக்கு மேலிருந்து மட்டும் ஒளி வந்தால் அடிப்பாகம் நிழலில் செத்துப்போகும். அதற்கு டிம்மரில் மருந்து கிடையாது.

நீலஒளி:
டி5 குழலை ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும், அது தரும் சூட்டுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் கூடுதலாக ஓட வேண்டும். சிங்கப்பூர் மின்கட்டணத்தை யார் கட்டுவது? நிழல் வாதத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் மூன்றாவது எல்இடி வாங்கி நடுவில் கொஞ்சம் முன்பக்கமாக வைத்து, மூன்றையும் குறைத்து ஓட்டலாம். நாம் பார்க்கும் பக்கம் வெளிச்சமாகவும் இருக்கும்.

கொளத்தூர் மீன்பிரியன்:
முன்பக்கமாக வைத்தால் முன்கண்ணாடியில் பாசி பிடிக்கும், சுரண்டத் தயாராக இருங்கள்.

சிங்கை அலை:
35 செ.மீ.யிலேயே விடுகிறேன். தாள் வாங்கவில்லை. ஓரத்துப் பவளங்களுக்கு ஒளி கூடிவிட்டதால், அவை பழகும்வரை சில வாரம் டிம்மரைக் குறைத்து, மெல்ல ஏற்றப் போகிறேன். மூன்றாவது எல்இடியா, டி5ஆ என்பது சம்பளம் வந்த பிறகு.

நீலஒளி:
எல்இடிதான். அப்புறம் வந்து கேட்காதீர்கள்.