பொருள்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

செந்தூல் ஆசிரியை:
வணக்கம். எங்கள் அறிவியல் விழா பேனர் வெள்ளிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்துக்குப் போகிறது. தமிழ்நாட்டு அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த டைனோசர் புருகத்காயோசாரஸைப் போடுகிறோம். ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் வைத்த பெயர். முதலில் ஊனுண்ணி என்றார்கள், பிறகு நீள்கழுத்துத் தாவரவுண்ணி ஆனது. கிடைத்ததே சில எலும்புகள், அவையும் நொறுங்கிவிட்டன. இப்படிச் சான்று போதாமல் தொங்கும் இனப்பெயரை 'நோமென் டூபியம்' என்கிறார்கள். தமிழில் என்ன போடலாம்?

பினாங்கு:
ஐயப்பெயர். தொல்காப்பியர் 'ஐயக்கிளவி' என்று அன்றே கொடுத்துவிட்டார். உரைகாரர் காட்டும் 'குற்றி கொல்லோ மகன் கொல்லோ' நினைவிருக்கிறதா? தூரத்தில் நிற்பது கட்டையா, ஆளா? இந்த எலும்பையும் கல்லாகிப்போன மரமோ என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டே!

கிள்ளான்:
அழகுதான் ஐயா. ஆனால் படிப்பவர்கள் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள். 'ஐயமிட்டு உண்' ஒப்புவித்தவர்களுக்கு ஐயம் என்றால் பிச்சை. 'சந்தேகப் பெயர்' போதும்.

பினாங்கு:
மேலே நானே 'சந்தேகப்பட்டவர்கள்' என்று கைதவறி எழுதினால் அது கலைச்சொல் ஆகிவிடுமா தம்பி? சந்தேகம் வடசொல்.

கிள்ளான்:
விலங்கின் பெயரிலேயே இருக்கும் பிருஹத் (பெரிய), காயம் (உடல்) மட்டும் என்னவாம்?

பினாங்கு:
அதையும் பேருடலன் ஆக்கலாம். தவிர, காயம் தமிழே. காய், காய்தல், காயம் என்று வேர் பிடித்துப் போனால்...

கிள்ளான்:
பெருங்காயத்தில் போய் நிற்கும். விலங்குக்கு அந்தப் பெயரே வைத்துவிடலாம்.

பட்டர்வொர்த்:
அண்ணன்மார்களே, பேனர் வேலையைப் பாருங்கள். 2022இல் அந்த எலும்புகளின் பழைய படங்கள் வெளியான பிறகு, எலும்புதான் என்பது பலருக்கும் உறுதிப்பட்டது. கணைக்கால் எலும்பே 2 மீட்டர் என்று பெயர் வைத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படியொரு விலங்கு இருந்ததா என்பதல்ல கேள்வி. இருக்கிற சான்றை வைத்து இன்னோர் இனத்திலிருந்து இதைப் பிரித்துக்காட்ட முடியுமா என்பதே. அதனால் 'பிரித்தறியாப் பெயர்' என்பேன். நம் பகாங்கில் 2012இல் மலாயாப் பல்கலைக்கழகக் குழு எடுத்த டைனோசர் பல்லுக்கு இனப்பெயரே வைக்கவில்லை. ஸ்பினோசார் என்ற ஊனுண்ணிக் குடும்பம் என்று நிறுத்திக்கொண்டார்கள். தாய்லாந்தில் பற்களை நம்பி 1986இல் சியாமோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள், சண்டை இன்னும் ஓயவில்லை.

செந்தூல் ஆசிரியை:
அக்கா சொல்வது துல்லியம், ஆனால் பேனரில் இடமில்லை. பினாங்கு ஐயா சொன்னபடி ஐயப்பெயர் போடுகிறேன். கீழே ஒரு வரி விளக்கம் வரும்.

கிள்ளான்:
சரி, அடியுங்கள். என் வகுப்பில் சந்தேகப் பெயர்தான்.

பினாங்கு:
பேருடலன் என்னாச்சு?