ஐபிவி6 இயக்கிய பிறகு ரொட்ரிக்ஸ் கிளையில் மட்டும் சில தளங்கள் பாதியில் நிற்பது ஏன்?

எபேன்_வலைப்பணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மொரீஷியசில் எபேன் சைபர்சிட்டியில் உள்ள ஒரு நடுத்தர நிறுவனத்தின் வலையமைப்பை நான் கவனித்து வருகிறேன். பிரான்சில் உள்ள வாடிக்கையாளர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில் என்பதால், ஊழியர்கள் நாள் முழுவதும் பிரெஞ்சு சர்வர்களில்தான் வேலை செய்கிறார்கள். ரொட்ரிக்ஸ் தீவில் போர்ட் மத்துரினில் எங்களுக்கு ஒரு சிறு கிளை உண்டு. அந்தக் கிளை வயர்கார்டு டனல் (இணையத்துக்குள் மறையாக்கத்துடன் அமைக்கும் தனிப்பாதை) வழியாக எபேனுக்கு வந்து, இங்கிருந்துதான் இணையத்துக்கு வெளியேறுகிறது.

அண்மையில் எங்கள் இணையச் சேவை நிறுவனம் இணைய முகவரிகளின் புதிய முறையான ஐபிவி6இல் /48 அளவுள்ள முகவரித் தொகுதி ஒன்றை ஒதுக்கித் தந்தது. பழைய முறையான ஐபிவி4ஐ அப்படியே வைத்துக்கொண்டு, அதனுடன் ஐபிவி6ஐயும் எல்லாக் கணினிகளிலும் இயக்கினோம். எபேனில் ஒரு குறையும் இல்லை. ரொட்ரிக்சில் மட்டும், வாடிக்கையாளரின் தளத்தைத் திறந்தால் இணைப்பு கிடைத்துவிட்டதாகவே தெரிகிறது. ஆனால் பக்கம் வெள்ளையாகவே நிற்கிறது. அதே கணினியில் யூடியூப் தடையில்லாமல் ஓடுகிறது, பிங் செய்தால் பதில் வருகிறது. ஐபிவி6ஐ அணைத்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. ஐபிவி6 வழி சரியில்லாதபோது உலாவி தானாகவே ஐபிவி4க்கு மாறிவிடும் என்று படித்திருக்கிறேன். இங்கே அது ஏன் மாறவில்லை?

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் வருகைப்பதிவுக் கருவிகளும் சில பிரிண்டர்களும் ஐபிவி4 மட்டுமே அறிந்தவை. அவற்றை என்ன செய்வது? இவ்வளவு தொல்லை எதற்கு, ஐபிவி6ஐ நிரந்தரமாக அணைத்துவிடலாமே என்பது மேலாளரின் எண்ணம். அவருக்குச் சொல்லத்தக்க நியாயமான காரணம் இருந்தால் அதையும் தெரிவியுங்கள்.

மொக்கா_பொறியாளர் எழுதியது:

வணக்கம் ஐயா. கோளாறு எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் சொன்ன அறிகுறிகளே பெரும்பாலும் காட்டிவிடுகின்றன. பிங்கும் போகிறது, யூடியூபும் ஓடுகிறது, டிஎல்எஸ் மறையாக்கம் கொண்ட ஒரு சாதாரண வலைத்தளம் மட்டும் இணைப்புக்குப் பிறகு நிற்கிறது என்றால், சிறிய பாக்கெட்டுகள் (தரவுப் பொதிகள்) கடந்து வருகின்றன, பெரியவை வழியில் காணாமல் போகின்றன என்று பொருள்.

நடப்பதைச் சொல்கிறேன். வயர்கார்டு டனல் வழக்கமாக 1420 பைட் வரையிலான பாக்கெட்டைத்தான் ஏற்கும். கிளையில் உள்ள கணினியோ தன் ஈதர்நெட் 1500 பைட் என்பதை மட்டும் அறிந்திருக்கிறது. எனவே இணைப்பைத் தொடங்கும்போதே, ஒரு துண்டில் 1440 பைட் தரவு அனுப்பலாம் என்று பிரெஞ்சு சர்வருக்குச் சொல்லிவிடுகிறது. சர்வர் தன் சான்றிதழை அனுப்பும்போது பாக்கெட் 1500 பைட்டாக எபேனுக்கு வந்து சேர்ந்து, டனலின் வாயிலில் முட்டிக்கொள்கிறது. ஐபிவி4 ஆக இருந்தால், துண்டாக்கக் கூடாது என்ற குறி இல்லாத பாக்கெட்டை வழியில் உள்ள ரவுட்டரே துண்டாக்கி அனுப்பும். ஐபிவி6இல் இடைவழி ரவுட்டர் எதையும் துண்டாக்குவதில்லை. அது பாக்கெட்டைக் கைவிட்டு, ‘பாக்கெட் மிகப் பெரிது, 1420க்குள் அனுப்பு’ என்று ஐசிஎம்பிவி6 (வலையமைப்பின் பிழை, நிலைச் செய்திகளுக்கான நெறிமுறை) வகை 2 செய்தியை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புகிறது. உங்கள் தலைமை அலுவலக ஃபயர்வாலில் ஐசிஎம்பியை மொத்தமாகத் தடுத்து, பிங்கை மட்டும் அனுமதிக்கும் பழைய விதி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால், மூட்டை பெரிது, வாசலில் நுழையாது என்று சொல்லப் போகும் ஆளையே வாசற்காவலர் பிடித்து வைத்துக்கொண்ட கதையாகிவிடுகிறது. சர்வர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். உங்கள் ஊழியர் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உலாவி ஏன் மாறவில்லை என்ற உங்கள் கேள்வி மிக நல்ல கேள்வி. ஹாப்பி ஐபால்ஸ் என்னும் அந்த முறை, முதலில் ஐபிவி6இல் இணைய முயன்று, ஏறத்தாழ 250 மில்லி வினாடிக்குள் இணைப்பு அமையாவிட்டால் ஐபிவி4இலும் முயற்சியைத் தொடங்கி, எது முதலில் இணைகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். இணைப்பை அமைக்கும் கைகுலுக்கல் பாக்கெட்டுகள் எல்லாம் மிகச் சிறியவை. அவை டனலில் தாராளமாக நுழைந்துவிடுகின்றன. போட்டியில் ஐபிவி6 வென்றதாக உலாவி முடிவு கட்டிய பிறகுதான் பெரிய பாக்கெட் வருகிறது. அதற்குப் பின் நேரும் தடங்கலைக் கண்டு பின்வாங்குவது அந்த முறையின் வேலை அன்று.

யூடியூப் தப்பித்ததற்கும் காரணம் இருக்கிறது. அது பெரும்பாலும் குவிக் நெறிமுறையில் இயங்குகிறது. குவிக் 1200 பைட் அளவிலிருந்து தொடங்கி, பாதை எவ்வளவு தாங்குகிறது என்பதைத் தானே சோதித்துப் பார்த்துக்கொள்ளக்கூடியது. எந்த ஐபிவி6 பாதையும் குறைந்தது 1280 பைட்டைச் சுமந்தே ஆக வேண்டும் என்பது விதி என்பதால், அந்தத் தொடக்க அளவு எங்கும் நிற்பதில்லை.

செய்ய வேண்டியவை இவை. முதலாவதாக, ஃபயர்வாலில் ஐசிஎம்பிவி6இன் 1, 2, 3, 4 ஆகிய வகைகளை இரு திசையிலும் அனுமதியுங்கள். 133 முதல் 136 வரையிலான வகைகள் உள்வலையில் ரவுட்டரையும் அண்டைக் கணினிகளையும் கண்டறிவதற்கானவை. அவற்றை உள்வலையில் தடுத்தால் ஐபிவி6 அங்கேயே நின்றுபோகும். ஐசிஎம்பியை முழுக்க அடைப்பது ஐபிவி4 காலத்தில் பலரும் பின்பற்றிய வழக்கம். ஐபிவி6இல் அதற்கு இடமே இல்லை என்பதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

இரண்டாவதாக, டிசிபி என்னும் இணைப்பு நெறிமுறையின் துண்டளவைக் குறைக்கும் விதி உங்கள் டனல் ரவுட்டரில் ஐபிவி4க்கு ஏற்கெனவே இருக்கக்கூடும். 1420இலிருந்து தலைப்புகளுக்காக 40 கழித்து 1380 என்று வைத்திருப்பார்கள். ஐபிவி6இன் தலைப்பு மட்டுமே 40 பைட் என்பதால், டிசிபியின் 20ஐயும் சேர்த்து 60 கழித்து 1360 என்று தனி விதி எழுத வேண்டும். பல கருவிகளில் இரண்டு நெறிமுறைகளின் விதிகளும் வெவ்வேறு அட்டவணைகளில் இருப்பதால், ஒன்றில் எழுதியது மற்றொன்றுக்குத் தானாக வந்து சேராது. ஆனால் இந்த இரண்டாவது வழியை மட்டும் செய்துவிட்டு முதலாவதை விட்டுவிடாதீர்கள். துண்டளவு விதி டிசிபிக்கு மட்டுமே உதவும்.

ரொட்ரிக்சுக்கான கடலடிக் கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். 2019இல் வந்த மார்ஸ் கேபிளுக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பு இருந்தால் ஐபிவி4உம் சேர்ந்தே தடுமாறியிருக்கும்.

காத்ர்போர்ன்_வாசகி எழுதியது:

மொக்கா நண்பர் கோளாற்றை விளக்கிவிட்டார். மேலாளருக்குச் சொல்ல வேண்டிய காரணத்தையும் பழைய கருவிகளையும் பற்றி நான் எழுதுகிறேன்.

ஐபிவி6ஐ அணைப்பது என்பது சொல்லுவதற்குத்தான் எளிது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் கணினிகளில் அது இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கிறது. அணைத்தால் சில உட்கூறுகள் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று மைக்ரோசாஃப்டே எச்சரிக்கிறது. ரவுட்டரில் மட்டும் அணைத்துவிட்டுக் கணினிகளை அப்படியே விட்டால், உள்வலையில் நுழைந்த ஒருவர் போலி ரவுட்டர் அறிவிப்பை அனுப்பி எல்லாருடைய போக்குவரத்தையும் தன் பக்கம் திருப்பிக்கொள்ள முடியும். அதைக் கவனிக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். நீங்கள் ஐபிவி6ஐ நிர்வகித்தாலும் நிர்வகிக்காவிட்டாலும் அது உங்கள் சுவிட்சுகளில் இருக்கிறது. எனவே சுவிட்சில் ஆர்ஏ கார்டு (போலி ரவுட்டர் அறிவிப்பைத் தடுக்கும்) வசதி இருந்தால், ரவுட்டர் இணைந்துள்ள போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இன்றே அதை இயக்குங்கள்.

அடுத்து, முகவரித் தட்டுப்பாடு. ஆப்பிரிக்க வட்டாரத்துக்கு முகவரிகளை வழங்கும் ஆஃப்ரினிக், உங்கள் எபேனிலேயே தலைமையகத்தைக் கொண்டது. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. மற்ற வட்டாரங்களைவிட நீண்ட காலம் தாக்குப்பிடித்த ஆஃப்ரினிக்கும் 2017 மார்ச் 31 அன்று முதற்கட்டச் சிக்கனத்துக்கும், 2020 ஜனவரி 13 அன்று இரண்டாம் கட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. இரண்டாம் கட்டத்தில் ஒரு விண்ணப்பத்துக்குக் கிடைப்பது அதிக அளவாக /22, அதாவது 1024 முகவரிகளே. நிறுவனம் வளர்ந்தால் ஐபிவி4ஐச் சந்தையில் விலைக்கு வாங்க வேண்டும் என்பதை மேலாளருக்குக் கணக்காகக் காட்டலாம்.

உங்கள் வாடிக்கையாளர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்பதே எனக்கு இன்னும் வலுவான காரணமாகத் தோன்றுகிறது. அங்கே ஃப்ரீ நிறுவனம், ரெமி தெப்ரே வகுத்த முறையைக் கொண்டு 2007 இறுதியில் ஐந்தே வாரங்களில் தன் சந்தாதாரர்களுக்கு ஐபிவி6ஐக் கொடுத்தது. பிரெஞ்சு ஒழுங்காற்று அமைப்பான ஆர்செப், 5ஜி அலைவரிசை உரிமத்தோடு ஐபிவி6 ஆதரவையும் நிபந்தனையாக வைத்தது. அந்நாட்டு வீடுகளில் ஒரே ஐபிவி4 முகவரியைப் பல சந்தாதாரர்கள் பகிர்ந்துகொள்ளும் நிலையும் உண்டு. உங்கள் தளத்தில் தவறான கடவுச்சொல்லுக்காக ஓர் ஐபிவி4 முகவரியைத் தடுத்தால், அதற்குப் பின்னால் உள்ள தொடர்பில்லாத வீடுகளையும் சேர்த்தே தடுத்துவிடுவீர்கள்.

பழைய கருவிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். வருகைப்பதிவுக் கருவிகளையும் பிரிண்டர்களையும் ஐபிவி4 மட்டும் கொண்ட தனி விலேனில் (பிரித்து வைத்த உள்வலையில்) வைத்து, அவற்றோடு பேச வேண்டிய சர்வருக்கு மட்டும் இரு முகவரிகளையும் கொடுங்கள். அவை தம் ஆயுள் முடியும் வரை அங்கேயே இருக்கட்டும். புதிதாக வாங்கும் எதற்கும் ஐபிவி6 ஆதரவைக் கொள்முதல் நிபந்தனையில் எழுதிவிடுங்கள். காலப்போக்கில் அந்த விலேன் தானாகவே சுருங்கும்.

/48இல் /64 அளவுள்ள 65,536 உள்வலைகள் உண்டு (கோட்டுக்குப் பின் உள்ள எண் கூடக் கூடத் தொகுதி சிறிதாகும்). ஒவ்வொரு கிளைக்கும் ஒரு /52 என்று ஒதுக்கினாலும் 16 இடங்களுக்குத் தாராளம். ஒவ்வொரு விலேனுக்கும் முழு /64 கொடுங்கள். ஐபிவி4 பழக்கத்தில் சிக்கனம் பார்த்து அதைவிடச் சிறிதாக வெட்டினால் தானியங்கி முகவரியமைப்பு வேலை செய்யாது. ஐபிவி4இல் போல் ரவுட்டர் முகவரியை மாற்றி அனுப்பும் ஏற்பாடு (நாட்) இல்லாததால் எல்லாக் கணினிகளும் வெளியிலிருந்து நேரடியாக எட்டத்தக்கவை. ஆகவே உள்ளிருந்து தொடங்கிய இணைப்புகளுக்கான பதில்களையும் தேவையான ஐசிஎம்பிவி6ஐயும் தவிர, உள்ளே வரும் எதையும் ஃபயர்வால் இயல்பாகவே மறுக்க வேண்டும்.

எபேன்_வலைப்பணி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டனல் ரவுட்டரிலும் ஃபயர்வாலின் வெளிப்பக்கத்திலும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தேன். வகை 2 செய்திகள் ரவுட்டரிலிருந்து கிளம்புகின்றன; ஃபயர்வாலுக்கு வெளியே ஒன்றுகூட வரவில்லை. விதியைத் திருத்தியதும் ரொட்ரிக்சில் வாடிக்கையாளர் தளம் முழுமையாகத் திறந்தது. 1360 விதியையும் சேர்த்துவிட்டேன். ஆர்ஏ கார்டை இந்த வார இறுதியில் இயக்குகிறேன்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. எந்தக் கணினி எந்த நேரத்தில் எந்த முகவரியைப் பயன்படுத்தியது என்ற பதிவைத் தணிக்கையாளர் கேட்கிறார். ஐபிவி4இல் கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபியின் பதிவே போதுமாக இருந்தது. இப்போதோ ஒரே கணினி நாளுக்கொரு முகவரியில் தோன்றுகிறது. டிஎச்சிபிவி6ஐக் கட்டாயமாக்கலாமா?

மொக்கா_பொறியாளர் எழுதியது:

அந்த மாறும் முகவரிகள் பயனரின் தனியுரிமைக்காகவே உருவாக்கப்பட்டவை. இயல்பாக ஒரு நாளுக்குப் பிறகு புதியது ஒன்று முன்வரும். டிஎச்சிபிவி6 வழியாகத் தனி முகவரி பெறும் வசதியை ஆண்ட்ராய்டு நீண்ட காலமாகவே ஏற்காததால், அதைக் கட்டாயமாக்கினால் ஊழியர்களின் கைபேசிகள் வைஃபையில் ஐபிவி6 இல்லாமல் நிற்கும். அதைவிட, ரவுட்டரின் அண்டைக் கணினி அட்டவணையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்து, ஐபிவி6 முகவரி, மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி), நேரம் ஆகிய மூன்றையும் சேமித்து வையுங்கள். ரவுட்டரில் எஸ்என்எம்பி (கருவியின் விவரங்களைத் தொலைவிலிருந்து படிக்கும் நெறிமுறை) இருந்தால் சிறு நிரல் ஒன்றே போதும். அந்த மேக் முகவரியைச் சுவிட்ச் போர்ட்டோடும், வைஃபையில் பயனர் பெயரோடும் பொருத்திக்கொள்ளலாம். எல்லா இயந்திரங்களின் கடிகாரமும் ஒரே என்டிபி (நேர ஒத்திசைவு) சர்வரைப் பின்பற்றுகிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். நேரம் பிசகினால் தணிக்கையாளருக்கு அந்தப் பதிவு பயன்படாது.