புதுப்பிப்பு: வாய்க்கால் கணக்கு ஆற்றுக்கு ஆகுமா?

மன்னார்குடிப் பக்கத்து வடிகால் வாய்க்காலுக்குப் போட்ட மழைநீர் ஓட்டக் கணக்கையே காவிரிப் படுகை முழுக்க விரிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடியாது என்றுதான் படுகிறது.

சின்னப் பரப்பில் மழைத் தீவிரம், பரப்பு, ஓட்டக் கெழு (பெய்த மழையில் ஓடி வரும் பங்கு) மூன்றையும் பெருக்கினாலே உச்ச ஓட்டம் ஓரளவு வந்துவிடும். சுமார் 81,000 சதுர கி.மீ. படுகையில் அது எடுபடாது. குடகில் ஆடியில் கொட்டும் மழை வேறு, நம்மூர் ஐப்பசி அடைமழை வேறு, நடுவில் 93.47 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூர் அணை. துணைப்படுகைகளாகப் பிரித்து, ஆற்றில் நீர் நகரும் நேரத்தையும் சேர்த்தே ஆகவேண்டும்.

டெல்டாவில் சரிவும் மிகக் குறைவு. நடவு வயலில் வரப்பு மட்டத்துக்குத் தண்ணீர் தேங்கி வழிந்த பிறகுதான் வாய்க்காலுக்கே வரும். கடைமடையில் கடல் ஏறினால் அதுவும் வடியாது. எனவே கணக்கில் வரப்பு உயரத்தையும் சேர்த்திருக்கிறேன். கோரையாற்றுக் கடைமடைக்காரர்கள் மதகு திறக்கும் நேரங்களைக் குறித்து வைத்திருந்தால் கொடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.