புதுப்பிப்பு: ஹிக்கடுவைக்குப் பதிலாக நிலாவெளி

ஜூலையில் மூன்று நாள் இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவையில் தங்கிக் கடலில் குளிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கரை கொந்தளிக்கும் என்று நீங்கள் எச்சரித்ததை ஏற்று, அக்காலத்தில் அலை அடங்கியிருக்கும் கிழக்குக் கரைக்கு, திருகோணமலைக்கு வடக்கேயுள்ள நிலாவெளிக்குப் பயணத்தை மாற்றிவிட்டேன். முதல் நாள் காலையிலேயே படகில் புறாத்தீவுக்குச் செல்வதாக இருக்கிறோம். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அத்தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளின் மீது கால் ஊன்றி நிற்கக் கூடாது என்பதால், நீந்தத் தெரியாத என் தம்பி உயிர்காப்பு அங்கி அணிந்தே ஆகவேண்டும் (அவன் இன்னும் சம்மதிக்கவில்லை). மறுநாள் கோணேசர் கோயிலுக்கும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கும் போவோம். விடுதிக்கு முன்பணம் கட்டியாயிற்று. அறையிலிருந்து கடல் தெரியாது, ஆனால் வாசலிலிருந்து 50 அடி நடந்தால் மணல்தான் என்கிறார் விடுதிக்காரர். மூன்றாம் நாளுக்கு எதையும் திட்டமிடவில்லை.